மூச்சு சொல்லிக் கொடுத்தவர்கள்: டிரம் கோர் உலகின் பிராஸ் வாத்தியார்கள்

ஒவ்வொரு ஆகஸ்டிலும் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரத்தில், லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்தில், முரசும் பித்தளைக் கொம்பும் வாசிக்கும் இளைஞர் குழுக்களான டிரம் கோர்களின் இறுதிப்போட்டி நடக்கிறது. அந்த ஆண்டு பிராஸ் எனப்படும் பித்தளைக் கருவிகளை மற்ற எல்லாரையும்விட நன்றாக வாசித்த குழுவுக்கு ஒரு தனி விருது உண்டு. அதன் பெயர் ஜிம் ஆட் விருது. வாங்குகிறவர்கள் 18, 20 வயதுப் பிள்ளைகள். ஜிம் ஆட் 1980இல் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனவர். இந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவே அப்போது சின்னக் குழந்தைகளாக இருந்திருப்பார்கள், அல்லது பிறந்தே இருக்க மாட்டார்கள்.

அவர் கச்சேரி மேடைகளில் பெயர் வாங்கிய வித்வான் இல்லை. ஊதச் சொல்லிக் கொடுத்த வாத்தியார், ஊதுவதற்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். அவ்வளவுதான். ஆனால் டிரம் கோரில் இருந்துவிட்டு வந்த பழைய ஆட்கள் நாலு பேர் கூடினால், எந்த வருஷம் எத்தனை புள்ளி என்ற கணக்கு முடிந்த கையோடு, “உனக்கு யார் பிராஸ் சொல்லிக் கொடுத்தது?” என்ற கேள்வி வந்துவிடும். ஜெயித்த வருஷத்தை மறந்தவர்கள்கூட வாத்தியார் பெயரை மறப்பதில்லை. இந்தப் பிரியம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த உலகம் எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

பேண்டு என்றாலே நம்மில் பலருக்குக் கல்யாண ஊர்வலம்தான் நினைவுக்கு வரும். டிரம் கோர் வேறு சங்கதி. (ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ‘ப்ஸ்’ உண்டு, சொல்லும்போது வெறும் ‘கோர்’தான். புதிதாக வருகிறவர் ‘கார்ப்ஸ்’ என்று சொல்லி மாட்டிக்கொள்வது வழக்கமான வேடிக்கை.) முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் ஆங்காங்கே சங்கம் அமைத்தார்கள். அமெரிக்கன் லீஜன் அவற்றில் பெரியது. ராணுவத்தில் பழகிய முரசும் பியூகிள் என்கிற ஊதுகொம்பும் அவர்களோடு வந்தன. சங்கக் கிளைகளும், தேவாலயங்களும், சாரணர் குழுக்களும் தெருப் பிள்ளைகளைச் சேர்த்து இந்தக் குழுக்களை நடத்தின. அப்புறம் போட்டிகள் வந்தன. போட்டிக்கு விதிகள் வந்தன. விதிகளைப் படைவீரர் சங்கங்களே வகுத்தன என்பதில் பலருக்கு மனக்குறை இருந்தது. சிகாகோ பக்கத்து கேவலியர்ஸை நிறுவிய டான் வாரன், வயோமிங் மாநிலத்து ட்ரூப்பர்ஸை நிறுவிய ஜிம் ஜோன்ஸ், கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா வேன்கார்டு குழுவின் கெயில் ராயர் போன்றவர்கள் முன்னால் நின்று, குழுக்களே நடத்தும் ஓர் அமைப்பை உண்டாக்கினார்கள். டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற அந்த அமைப்பு தன் முதல் சாம்பியன் போட்டியை 1972இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வொயிட்வாட்டர் என்ற சிறிய ஊரில் நடத்தியது. அனஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தது.

இன்று ஒரு பெரிய குழுவில் ஏறக்குறைய 150 பேர். பாதிப் பேர் பித்தளை, மற்றவர்கள் தாளக்கருவி வாசிக்கிறவர்களும் கொடி வீசி ஆடுகிறவர்களும். புல்லாங்குழல், கிளாரினெட் போன்ற மரவகைக் கருவிகள் கிடையாது. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நடந்தும் ஓடியும் உருவங்கள் அமைத்தபடி, சுமார் 11, 12 நிமிஷம் மனப்பாடமாக வாசிக்க வேண்டும். அந்த 12 நிமிஷத்துக்காகக் கோடை முழுவதும் போய்விடும். மே மாதக் கடைசியில் முகாம் தொடங்கும். அப்புறம் பஸ்ஸில் ஊர் ஊராகப் பயணம், பள்ளிக்கூட ஜிம் தரையில் படுக்கை, வெயிலில் பத்து மணி நேரப் பயிற்சி, ராத்திரி போட்டி, மறுபடி பஸ். சம்பளம் எதுவும் கிடையாது. பிள்ளைகள்தான் பணம் கட்டிச் சேர்கிறார்கள். 21, 22 வயதோடு எல்லாம் முடிந்துவிடும். வயது வரம்பு கறாரானது. எவ்வளவு பெரிய வித்தைக்காரனாக இருந்தாலும் அதற்குமேல் இடமில்லை.

ஆக ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டு கோடை, மூன்று கோடை. அந்த வயதில், அந்தக் களைப்பில், ஒருவர் காதருகே நின்று சொன்னது எலும்பில் போய் உட்கார்ந்துவிடும். தாளப் பிரிவுக்கும் கொடிப் பிரிவுக்கும் இது பொருந்தாதா என்று கேட்டால், பொருந்தும்தான். அங்கும் பெரிய பெயர்கள் உண்டு. தாளத்துக்கான விருது ஃபிரெட் சான்ஃபோர்டு பெயரில், கொடிப் பிரிவுக்கானது ஜார்ஜ் ஸிங்காலி பெயரில். ஆனாலும் பித்தளை வாத்தியார் விஷயம் கொஞ்சம் தனி என்பது என் எண்ணம். காரணத்தைக் கருவியிலிருந்தே தொடங்குகிறேன்.

ம இல்லாத, த இல்லாத கொம்பு

டிரம் கோர் வாசித்தது டிரம்பெட் அல்ல. பியூகிள். ஜி சுருதியில் அமைந்த கொம்பு. ஆரம்பத்தில் அதற்கு, சுரத்தை மாற்ற விரலால் இயக்கும் வால்வே கிடையாது. ஒரு குழாய் இயல்பாகத் தரும் சுரங்கள் மட்டும்தான் வரும். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் அவற்றுக்குள் தாவலாம். அமெரிக்க ராணுவ அடக்கத்தில் ஊதுகிற மெட்டில் மொத்தம் நாலே சுரம்: கீழ் ப, ச, க, ப. அந்தக் கொம்பால் எளிதில் முடிந்தது அவ்வளவுதான்.

பிறகு ஒரே ஒரு வால்வு வந்தது. விரலால் மேலிருந்து அழுத்துவது இல்லை, படுக்கைவசமாகக் கட்டைவிரலால் தள்ளுவது. தள்ளினால் கொம்பின் சுருதி நாலு சுரம் இறங்கி டி ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜியை ச என்று வைத்தால், வால்வு திறந்திருக்கும்போது நடு ஸ்தாயியில் ச, க, ப கிடைக்கும். தள்ளினால் ரி, ப, நி கிடைக்கும். சேர்த்தால் ச ரி க ப நி. ம இல்லை, த இல்லை. இதை வைத்துக்கொண்டு ஜாஸ் வாசிக்க வேண்டும், சிம்பொனி வாசிக்க வேண்டும். பின்னால் ஒரு சுழல் வால்வு சேர்த்தார்கள். சில ஓட்டைகள் அடைந்தன, சில அடையவில்லை. நேராக நிற்கும் இரண்டு வால்வு 1977இல்தான் அனுமதியானது, மூன்று வால்வு 1990இல். ஜி அல்லாத மற்ற சுருதிக் கருவிகள், அதாவது கடையில் வாங்கும் சாதாரண டிரம்பெட் மாதிரியானவை, 2000இல்தான் உள்ளே வந்தன.

ஆகவே பல பத்தாண்டுகளுக்கு இசையின் பாதி கருவியில் இல்லை, வாத்தியாரின் தலையில்தான் இருந்தது. இல்லாத சுரத்தை எழுத்தில் எப்படி மறைப்பது, ஒரு மெட்டை ஊதுகிறவர்களின் இரண்டு வரிசைகளுக்குப் பிரித்து எப்படிக் கொடுப்பது, உதட்டால் வளைத்து ஒரு சுரத்தைப் பக்கத்துச் சுரமாக எப்படி ஏமாற்றுவது, அந்த ஏமாற்று 60 பேருக்கும் ஒரே அளவில் வருமா? இதற்கெல்லாம் பாடப்புத்தகம் கிடையாது. தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு.

அந்தக் காலத்துப் பெயர்களில் ட்ரூமன் கிராஃபர்டு முக்கியமானவர். சிகாகோ ராயல் ஏர்ஸ் குழுவுக்குச் சொல்லிக் கொடுத்தார், எழுதியும் கொடுத்தார். 1965இல் அந்தக் குழு நாட்டின் மூன்று பெரிய பட்டங்களையும் ஒரே வருஷத்தில் வாங்கியது. அப்புறம் அவர் அமெரிக்க மரைன் படையின் அதிகாரபூர்வ டிரம் அண்ட் பியூகிள் குழுவை நீண்ட காலம் நடத்தி, கர்னலாக ஓய்வு பெற்றார். வாஷிங்டனில் அந்தக் குழு இருக்கும் கட்டடத்துக்கு இப்போது அவர் பெயர்தான். தெருப் பிள்ளைகளின் கொம்புக் குழுவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தவர் என்பதால், ராயல் ஏர்ஸின் பழைய ஆட்கள் அவரைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு மிடுக்கு வரும்.

ஜிம் ஆட்டும் இந்தக் கொம்புகளின் காலத்து ஆள்தான். கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் கமடோர்ஸில் வேலை செய்தவர், பிறகு ஜார்ஜியாவில் புதிதாக எழுந்த ஸ்பிரிட் ஆஃப் அட்லாண்டா குழுவின் ஒலியை வார்த்தெடுத்தார். ஸ்பிரிட் போட்டிக்கு வந்தது 1977இல். அடுத்த வருஷமே இறுதிச் சுற்றில் நின்றது. பழைய ஒலிப்பதிவில் அவர்களைக் கேட்டால் முதலில் மிரட்டுவது சத்தம். வெறும் கூச்சல் அல்ல அது. அடியில் கனமும் மேலே பளபளப்பும் உள்ள சத்தம். கத்தினால் கொம்பு பிளந்துபோகும், நாராசமாகும். அந்த எல்லைக்கு ஒரு முழம் முன்னால் எப்படி நிறுத்துவது என்பதை அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். மூன்றே கோடையில் அவர் போய்விட்டார். அந்தக் குழு அதிலிருந்து எழுந்து தொடர்ந்து வாசித்தது என்பதே அவருக்கான அஞ்சலிகளில் முதலாவது. விருதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எழுதுகிறவர், ஊதவைக்கிறவர்

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். டிரம் கோரில் பித்தளைக்கு இரண்டு பெரிய பொறுப்புகள். ஒருவர் இசையை அமைத்து எழுதுகிறவர். இன்னொருவர் அதைப் பிள்ளைகளின் வாயிலிருந்து வரவழைக்கிறவர். அவரைப் பிரிவுத் தலைவர் என்பார்கள். அவருக்குக் கீழே ஐந்தாறு இளம் உதவியாளர்கள் இருப்பார்கள், பெரும்பாலும் போன வருஷம், முந்தின வருஷம் வரை அதே வரிசையில் நின்று ஊதியவர்கள்.

வெளியாட்களுக்கு எழுதியவர் பெயர் தெரியும். உள்ளே இருந்தவர்களுக்கு ஊதவைத்தவர் முகம்தான் ஞாபகத்தில் நிற்கும். கலிஃபோர்னியாவின் கான்கார்டு நகரத்து புளூ டெவில்ஸ் குழுவில் வெய்ன் டவுனி இரண்டையும் தானே செய்தார், நாற்பது வருஷத்துக்கும் மேலாக. 1957இல் முரசும் மணியும் வாசிக்கும் சிறுவர் குழுவாகத் தொடங்கி, பித்தளையை 1970 வாக்கில்தான் சேர்த்துக்கொண்ட குழு அது. 1976இல் முதல் பட்டம். இன்று வரை 20க்கும் மேல். அவர்கள் ஜாஸ் வாசித்தால் மைதானத்தில் ஏதோ நள்ளிரவுக் கிளப் திறந்ததுபோல இருக்கும். எழுதினவரே முன்னால் நின்று சொல்லிக் கொடுப்பதில் ஒரு லாபம் உண்டு. எந்தச் சுரத்தில் சறுக்க வேண்டும், எதை அரைத் தாளம் தாமதித்து விட வேண்டும் என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்ட முடியாது. பாடிக் காட்ட வேண்டும். அந்தக் குழுவிலிருந்துதான் 1970களின் இறுதியில் மெலோபோன் என்ற பித்தளைக் கருவியின் தனிவாசிப்பால் பேர்பெற்ற பானி ஆட் வந்தார். இந்தக் கட்டுரையில் வரும் ஒரே பெண் கலைஞர் அவர்தான் என்பதை நானும் கவனிக்காமல் இல்லை. பல குழுக்கள் நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டுமானவை. நினைவுகூரப்படும் வாத்தியார்களில் ஏறக்குறைய எல்லாரும் ஆண்களாக இருப்பதற்கு அதுவே போதிய காரணம்.

சாண்டா கிளாராவின் கெயில் ராயர் இன்னொரு வகை. பள்ளிக்கூட இசை ஆசிரியர். 1967இல் வேன்கார்டைத் தொடங்கியவர், நடத்தியவர், அதன் இசைக்கும் குணத்துக்கும் பொறுப்பு ஏற்றவர். முதல் மூன்று டிரம் கோர் இன்டர்நேஷனல் பட்டங்களில் இரண்டு, 1973இலும் 1974இலும், அவர் குழுவுக்குத்தான். அவர் 1993இல் இறந்தார். வேன்கார்டில் இருந்தவர்கள் அவரைப் பற்றிச் சொல்லும்போது இசையைவிட ஒழுங்கைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

மூச்சு

சரி, எல்லாக் குழுவிலும் பொதுவாக நடப்பது என்ன? காலையில் பித்தளைப் பிரிவு மைதானத்தில் பிறை வடிவில் நிற்கும். கொம்பு தரையில் கிடக்கும். முதல் 20 நிமிஷம், சில இடங்களில் அரை மணி நேரம், யாரும் கொம்பைத் தொட மாட்டார்கள். மூச்சு மட்டும். ஆறு எண்ணிக்கை உள்ளே, ஆறு எண்ணிக்கை வெளியே. ஐந்து, ஏழு என்று மாறிக்கொண்டே போகும். கையை வில்லில் அம்பு தொடுப்பது மாதிரி இழுத்தபடி மூச்சு, காகித விமானத்தை விடுவது மாதிரி வீசியபடி மூச்சு. வேடிக்கை பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரலாம். 70 பேர் ஒரே நேரத்தில் காற்றை இழுக்கும் ஓசையைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

இந்தப் பயிற்சிகளுக்கு ஒரு வம்சாவளி உண்டு. சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை டியூபா என்ற பெரிய பித்தளைக் கருவியை வாசித்த ஆர்னால்டு ஜேக்கப்ஸ்தான் அதன் மூல ஆசான். நோயால் அவருக்கு நுரையீரல் கொள்ளளவு குறைவு. அந்தக் குறையே அவரை மூச்சைப் பற்றி வாழ்நாள் முழுவதும் யோசிக்க வைத்தது. மருத்துவர்கள் வைத்திருக்கும் மூச்சு அளக்கும் கருவிகளை வகுப்புக்குக் கொண்டுவந்தவர். தசையைப் பற்றி யோசிக்காதே, மனசில் பாடு, காற்றை விடு, மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்பது அவர் சொன்னதன் சாரம். ‘பாட்டும் காற்றும்’ என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். எம்பயர் பிராஸ் குழுவின் டியூபாக்காரர் சாம் பிலாஃபியனும் பேட்ரிக் ஷெரிடனும் சேர்ந்து இந்தச் சிந்தனையைத் தினசரி உடற்பயிற்சியாக மாற்றினார்கள். அந்த வில்லும் காகித விமானமும் அவர்கள் கொடுத்தவை. பிலாஃபியன் பல வருஷம் இலினாய் மாநிலத்து ஃபான்டம் ரெஜிமென்ட் பிள்ளைகளோடு கோடையில் நின்றவர். 2019இல் அவர் இறந்தபோது டிரம் கோர் உலகம் ஒரு டியூபா மேதையை இழந்ததாக மட்டும் துக்கப்படவில்லை. ‘எனக்கு மூச்சு விடக் கற்றுத் தந்தவர்’ என்றுதான் பேச்சு இருந்தது.

மூச்சுக்கு ஏன் இத்தனை பாடு? ஓடிக்கொண்டே ஊத வேண்டும், அதுதான் விஷயம். நிமிஷத்துக்கு 180 தாளம் போகும் பாட்டில் கால் ஓடும், நெஞ்சு துடிக்கும், அதே நேரத்தில் காற்று நடுங்காமல் வெளியே போக வேண்டும். தம் பத்தாவிட்டால் உதட்டை இறுக்கிச் சமாளிக்கத் தோன்றும். இறுக்கினால் பத்து நாளில் உதடு போய்விடும். கோடை 80 நாள். ஆகவே நல்ல வாத்தியார் உதட்டைப் பற்றிப் பேசவே மாட்டார். காற்று, காற்று என்று ஒன்றையே ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார்.

மூச்சுக்கு அப்புறம் காது. எல்லாரும் ஒரு சுரத்தை முதலில் முனகுவார்கள், பிறகு ஊதுவார்கள். கூட்டுச் சுரம் ஒன்று பிடிக்கும்போது நடுவில் வரும் காந்தாரத்தை, கருவி தானாகத் தரும் இடத்திலிருந்து ஒரு பொடி இறக்க வேண்டும். அரைச் சுரத்தை 100 பங்காக்கினால் அதில் சுமார் 14 பங்கு. அவ்வளவு இறக்கினால்தான் மூன்று சுரமும் ஒட்டிக்கொண்டு, யாருமே ஊதாத நாலாவது சுரம் ஒன்று மேலே மிதந்து கேட்கும். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத காந்தாரம் கேட்பது மாதிரிதான். இதை முதல் தடவை கேட்ட நாளைப் பல பேர் தேதியோடு நினைவு வைத்திருக்கிறார்கள். வாத்தியார் பேசாமல் ஒரு விரலை மட்டும் மேலே காட்டுவாராம், கேளு என்று.

அடுத்த சிக்கல் மைதானம். அதன் நீளம் 91 மீட்டர். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு கோடியில் ஊதியது மறு கோடியை அடையக் கால் விநாடிக்கும் மேல் ஆகும். 180 தாளத்தில் ஒரு தாளம் மூன்றில் ஒரு பங்கு விநாடிதான். அப்படியானால் மறு கோடியிலிருப்பவனைக் கேட்டுச் சேர்ந்து வாசித்தால், கேட்கிறவர் காதில் எல்லாம் கந்தலாகும். அதனால் ‘முன்னால் கேட்காதே, பின்னால் கேள்’ என்பார்கள். பின்னாலிருந்து தாளப் பிரிவின் ஒலி வரும். அது நம்மைத் தாண்டும் நொடியில் நம் சத்தத்தை அதன்மேல் ஏற்றிவிட்டால் இரண்டும் சேர்ந்தே பார்வையாளரிடம் போகும். சொல்வது எளிது. காதில் கேட்பதை நம்பாதே என்று ஓர் இசைக்காரனிடம் சொல்லி அதை நம்பவைக்க எவ்வளவு பொறுமை வேண்டும்!

ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு

இந்தக் கலையில் எழுதி வைப்பது குறைவு. ஆளிடமிருந்து ஆளுக்குப் போவதுதான் அதிகம். அதற்கு எனக்குத் தெரிந்ததில் தெளிவான சான்று டானி வான்டோரன் என்பவரின் வழி.

1980களின் தொடக்கத்தில் நியூஜெர்சியின் கார்ஃபீல்டு கேடட்ஸ் குழுவில் பித்தளை சொல்லிக் கொடுத்தவர் அவர். 1983, 1984, 1985 என்று தொடர்ந்து மூன்று முறை சாம்பியன் ஆன முதல் குழு அது. இசை எழுதியவர்களில் ஜிம் பிரைம் இருந்தார். பிறகு இருவரும் ஸ்டார் ஆஃப் இண்டியானாவுக்குப் போனார்கள். புளூமிங்டன் நகரத் தொழிலதிபர் பில் குக் பணம் போட்டுத் தொடங்கிய குழு. பணக்காரக் குழு என்ற கேலி கூடவே வந்தது. 1985இல் முதல் போட்டி, 1991இல் சாம்பியன். 1993இல் பார்டாக், சாமுவேல் பார்பர் என்ற இசையமைப்பாளர்களின் இசையை எடுத்துக்கொண்டு, கைதட்டலுக்கு இடமே தராத, உறைந்துபோன நீர் மாதிரியான ஒரு நிகழ்ச்சியைக் கொண்டுவந்தார்கள். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. இறுதியில் 97.4க்கு 97.3 என்று ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் தோற்றார்கள். ஜெயித்தது வான்டோரனின் பழைய வீடான கேடட்ஸ். அத்தோடு ஸ்டார் போட்டியை விட்டே விலகி, மேடைக்குப் போய்விட்டது. அதன் வழியில் உருவான மேடை நிகழ்ச்சி 2001இல் பிராட்வேயில் டோனி விருது வாங்கியது. தோற்ற அந்த 1993 நிகழ்ச்சியைத்தான் இன்று பலர் டிரம் கோரின் உச்சம் என்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். அந்தப் பித்தளையில் யாரும் தொடங்குவதாகவே தெரியாது. ஒலி ஏற்கெனவே அங்கே இருந்ததுபோல் திறக்கும்.

ஸ்டாரில் ஊதிய பிள்ளைகளில் ஒருவர் மாட் ஹார்லாஃப். பிறகு இண்டியானாவில் ஏவன் உயர்நிலைப் பள்ளியின் பேண்டு ஆசிரியர். அந்தப் பள்ளி 2008, 2009, 2010 மூன்று வருஷமும் தேசியப் பள்ளிப் பேண்டுப் போட்டியில் முதலிடம். கோடையில் அவர் கரோலைனா கிரவுன் குழுவின் பித்தளையைப் பார்த்துக்கொண்டார். எழுதியவர் மைக்கேல் கிளெஷ். 1988இல் தொடங்கி அதுவரை நடுவரிசையில் கிடந்த குழு அது. சில வருஷங்களிலேயே, போட்டிக்கு முன்னால் வாகன நிறுத்தத்தில் அவர்கள் சும்மா நீண்ட சுரம் பிடிப்பதைக் கேட்க நூற்றுக்கணக்கானோர் சுற்றி நிற்கத் தொடங்கினார்கள். உள்ளே நடக்கும் போட்டிக்கு டிக்கெட் இருந்தும் வெளியே நின்றவர்கள். 2013இல் பட்டமும் வந்தது. 1993 ஸ்டாரையும் 2013 கிரவுனையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். கருவியே வேறு, ஒன்று ஜி பியூகிள், மற்றது சாதாரண டிரம்பெட் குடும்பம். ஆனாலும் சுரம் தொடங்கும் விதத்தில் ஒரே வீட்டுச் சாயல் தெரியும். நாதஸ்வரக்காரர்கள் பாணி என்று எதைச் சொல்கிறார்களோ அதுதான்.

கேடட்ஸில் இன்னொரு கிளை. 2000களில் ஜே போகாக் எழுத, ஜீனோ சிப்ரியானி ஊதவைத்தார். 2005இல் பட்டம், 2011இல் மறுபடி. பிறகு சிப்ரியானி பாஸ்டன் குரூசேடர்ஸ் குழுவுக்குப் போனார். கேடட்ஸில் கேட்ட ஒரு அழுத்தம் அடுத்த சில வருஷங்களில் பாஸ்டனில் கேட்டது. 1934இல் தொடங்கிய கேடட்ஸ் 2024இல் மூடப்பட்டுவிட்டது. குழு இல்லை, ஒலி வேறு வீட்டில் இருக்கிறது.

இவ்வளவு பிரியத்தோடு எழுதும்போது ஒன்றை ஒளிக்கக் கூடாது. இந்த உலகம் கடுமையானது, எல்லாக் கடுமையும் நல்லதாகவும் இருக்கவில்லை. திட்டினால்தான் திருந்துவார்கள் என்று நம்பிய வாத்தியார்கள் இருந்தார்கள். சின்ன வயதுப் பிள்ளைகள் பெரியவர்களை முழுதாக நம்பி வாழும் இடத்தில் அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர்களும் இருந்தார்கள். 2018இல் ஒரு பெரிய குழுவின் தலைமையில் இருந்தவர்மீது பாலியல் புகார்கள் வெளியானபோது அமைப்பே ஆடிப்போனது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கான விதிகள் அப்புறம்தான் இறுகின. ‘அந்தக் காலத்தில் எங்க வாத்தியார் கொம்பைப் பிடுங்கி எறிவார், நாங்க அழுதுகிட்டே ஊதுவோம்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லும் கதைகளை நான் இப்போது முன்பு போல் ரசிப்பதில்லை. பிரியமாக நினைவுகூரப்படுகிறவர்களின் பட்டியலை உற்றுப் பார்த்தால், உரத்துக் கத்தியவர்கள் அதில் குறைவு. மெல்லப் பேசி, மறுபடி மறுபடி அதே எட்டு ஆவர்த்தனத்தை வாசிக்கச் சொன்னவர்கள்தான் அதிகம்.

பணக்கணக்கையும் சொல்ல வேண்டும். இந்த வாத்தியார்களில் பெரும்பாலோருக்கு இது பிழைப்பு இல்லை. மீதி பத்து மாதம் பள்ளிக்கூட வேலை. கோடை விடுமுறையில், வீட்டை விட்டு, பிள்ளைகளோடு ஜிம் தரையில் படுத்து, கொஞ்சம் கைச்செலவுப் பணத்துக்குச் செய்வது. உதவியாளர்களாக வரும் 23, 24 வயதுக்காரர்களுக்கு அதுவும் பெரிதாகக் கிடைக்காது. ஆனாலும் வருகிறார்கள். வயது வரம்பு அவர்களை வரிசையிலிருந்து வெளியே தள்ளிவிட்டது; திரும்ப உள்ளே வர வேறு கதவு இல்லை.

இறுதிப்போட்டி ராத்திரி முடிந்ததும் குழு வெளியே எங்காவது இருட்டில் பிறை வடிவில் கடைசியாக ஒரு தடவை நிற்கும். ஒவ்வொரு குழுவுக்கும் தனக்கென்று ஒரு பாட்டு உண்டு. ஃபான்டம் ரெஜிமென்டுக்கு வாக்னரின் லோயன்கிரின் இசைநாடகத்தில் எல்சா தேவாலயத்துக்குப் போகும் ஊர்வல இசை. அதை வாசித்து முடிப்பார்கள். வயது முடிந்தவர்கள் அழுவார்கள். அடுத்த நாள் கொம்புகளைப் பெட்டியில் வைத்து லாரியில் ஏற்றிவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போவார்கள். அந்த 70 பேர் அந்த வரிசையில் அப்படியே இனி நிற்கப் போவதில்லை.

ஆகஸ்ட் நடுவில் பள்ளிகள் திறந்துவிடும். முந்தின வாரம் ஸ்டேடியத்தில் நின்ற அதே வாத்தியார் இப்போது இண்டியானாவிலோ டெக்சாஸிலோ ஒரு வகுப்பறையில், பதினொரு வயதுப் பிள்ளைகள் முன்னால் நிற்பார். அவர்கள் கையில் கொம்புகூடக் கிடையாது. வாய்வைக்கும் சின்னத் துண்டு மட்டும் இருக்கும். ஊதாதீங்க, முதல்ல மூச்சை இழுங்க என்பார். ஆறு எண்ணிக்கை உள்ளே.